விழக் கற்றுக்கொடுத்தவர்கள்

மாலை நேரத்தில் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவனை ஊர் மதிப்பதில்லை. கதை எழுதுகிறவனுக்கு அப்படி உட்கார்ந்திருப்பதும் உத்தியோகத்தில் ஒரு பகுதிதான் என்று சொன்னால், கேட்பவர்கள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள், நம்ப மாட்டார்கள். ஆகையால் மோகனூரில் காவிரிக் கரைக்குப் போகும்போதெல்லாம் கையோடு ஒரு காரணத்தையும் அழைத்துக்கொண்டு போவது என் வழக்கம். சென்ற கோடை விடுமுறையில் அந்தக் காரணம் என் தங்கையின் மகள்.

பன்னிரண்டு வயதுப் பெண். நாமக்கல் பக்கத்தில் தங்கிப் படிக்கும் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் படிக்கிறாள். முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன எங்கள் வட்டாரம் மதிப்பெண்ணுக்கும் பேர் வாங்கிய காலம் ஒன்று உண்டு. கோழிப் பண்ணையில் இரவெல்லாம் விளக்கைப் போட்டுத் தீனி கொடுப்பதுபோல் பிள்ளைகளுக்குப் பாடம் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, குறும்புக்காரர்கள் அந்தப் பள்ளிகளுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களும் தங்கள் பிள்ளைகளை அங்கேதான் சேர்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் பெண் ஆங்கிலத்தில் 96 மதிப்பெண் வாங்குகிறவள். வீட்டுக்கு யாராவது வந்தால் அவள் அப்பா, “மாமாகிட்டே இங்கிலீஷிலே பேசு கண்ணு” என்பார். அவ்வளவுதான். அவள் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். “இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?” என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். எட்டு நிமிஷம் பதில் இல்லை. அப்பாவின் முகம் சிவந்தது. “இவ்வளவு பணம் கட்டி...” என்று அவர் ஆரம்பித்ததும் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவளை அழைத்துக்கொண்டு நான் ஆற்றுக்குக் கிளம்பினேன்.

ஆற்று மணலில் சிலம்பம் கற்றுக்கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அவரிடம் பதினைந்து இருபது பிள்ளைகள் கம்பு சுழற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனால் நடுவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்களாம். அதனால் வாத்தியார் களத்தில் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“லெஃப்ட் லெக்கு பேக்கு! ரைட்டு ஹேண்டு அப்பு! ஹெட்டு சேவ் பண்ணு, ஹெட்டு சேவ்!”

நாலு நாள் வேடிக்கை பார்த்தவள், ஐந்தாம் நாள் கம்பைக் கையில் வாங்கினாள். அடுத்த வாரம் ஒரு மாலை, வாத்தியார் ‘ஹெட்டு சேவ்’ என்று கத்தியதும் இவள் கம்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “வாத்தியாரே, அப்படி இல்லீங்க. ‘கார்ட் யுவர் ஹெட்’னு சொல்லோணும்.”

வாத்தியார் ஒரு கணம் யோசித்தார். பிறகு வெற்றிலைக் காவி ஏறிய பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார். “அதேதான் கண்ணு! இன்னொருக்கா சொல்லு, நானும் சொல்லிப் பார்க்கறேன்” என்றார். அவள் சொன்னாள். அவர் சொன்னார். தப்பாகத்தான் சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அன்று இருட்டும்வரை அந்த மணல்வெளியில் தமிழும் ஆங்கிலமும் கம்போடு கம்பாக மோதிக்கொண்டிருந்தன. வீட்டில் ஒரு வாக்கியம் பேசாத பெண், ‘ஸ்டெப் பேக்’ என்றும், ‘டர்ன்’ என்றும், ‘நாட் லைக் தட்’ என்றும் பொரிந்து தள்ளினாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு வாத்தியாரிடம் காரணம் கேட்டேன்.

“எனக்கென்னங்க தம்பி தெரியும்?” என்றார் அவர். “கம்பு புடிச்ச மொத வாரம் நான் யாருக்கும் அடிக்கச் சொல்லித் தர்றதில்லீங்க. வெலகறதுக்கு, தடுக்கறதுக்கு, வுழுந்தா எந்திரிக்கறதுக்கு, அவ்வளவுதான். அதுக்குத்தான் மணல்லே ஆட்டம். மணல்லே வுழுந்தவன் அழ மாட்டானுங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னை வீடு வரையில் விடாமல் தொடர்ந்து வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை.

*

நான் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தவன். அதற்கு மேல் போகவில்லை. குடும்பக் கஷ்டம் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். கஷ்டம் இருந்தது உண்மை. அதுவே காரணம் என்பது முழு உண்மை அல்ல.

முதல் ஆண்டில் ஒரு நாள் ஆங்கில வகுப்பில் என்னை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். யாரோ ஓர் இராணுவ அதிகாரியைப் பற்றிய கதை. அந்த அதிகாரியின் பதவிப் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தால் ‘கொலொனெல்’ என்று இருந்தது. நானும் அப்படியே வாசித்தேன். ‘கர்னல்’ என்று வாசிக்க வேண்டுமாம். எழுத்தில் எங்கேயும் இல்லாத ‘ர்’ வாயில் எப்படி வரும் என்று தமிழ்வழியில் படித்து வந்த எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் என்னை மூன்று முறை அதே வாக்கியத்தை வாசிக்கச் சொன்னார். மூன்று முறையும் வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து விடுதியில் என் பெயர் கொலொனெல். அவர் கெட்ட மனிதர் அல்லர். வகுப்பைக் கொஞ்சம் கலகலப்பாக வைத்துக்கொள்ள நினைத்திருப்பார். ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய்க்குக் கல்லூரி எதற்கு என்று கடைசியில் தோன்றிவிட்டது.

இது என் காயம். காயத்தைச் சொல்வது சுலபம். சொல்கிறவன் மேல் இரக்கம் பிறக்கிறது. இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதல்ல.

படிப்பை விட்ட பிறகு நாமக்கல்லில் ஒரு மாடியில் மாலை நேர வகுப்பு ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் என்று கொஞ்சம் வந்தது. ஒரு நாள் ‘என் தந்தை’ என்ற தலைப்பில் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேசச் சொன்னேன். லாரிக் கூண்டு கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்கிறவரின் மகன் ஒருவன் எழுந்து, “மை ஃபாதர் இஸ் எ பாடி பில்டர்” என்றான்.

எனக்கு நகைச்சுவை பொங்கியது. “ஏண்டா, உங்கப்பா லாரிக்குத் தண்டால் எடுக்கச் சொல்லித் தர்றாரா?” என்று கேட்டேன். வகுப்பே உருண்டு புரண்டது. அந்தப் பையனும் ஒரு விநாடி எங்களோடு சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண் முன்னால் நிற்கிறது. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவன் சொன்னது சரி. நாமக்கல்லிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் பட்டறைப் பலகைகளில் ‘பாடி பில்டர்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தத் தொழிலுக்கு அதுதான் பெயர். அவன் தன் தகப்பனின் தொழிலைச் சரியான ஆங்கிலத்தில் சொன்னான். தெரியாதவன் நான்.

என் தலையில் யாரோ போட்ட சுமையை நான் பத்திரமாகச் சுமந்து வந்து ஒரு சிறுவனின் தலையில் இறக்கிவைத்திருக்கிறேன். அவமானத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு போலும். பட்டவன் அதை மறக்க மாட்டான், ஆனாலும் கற்றுக்கொண்டுவிடுவான்.

*

ஒருவனை வெட்கப்படுத்தித் திருத்தலாமா? இதுதான் கேள்வி.

“தாராளமாய்ச் செய்யலாம்” என்பார் என் வக்கீல் நண்பர். “அடியாத மாடு படியாது ஐயா. ரோஷம் இல்லாதவனுக்குப் படிப்பு ஏது? நாலு பேர் சிரித்தால்தான் நாளைக்கு ஒழுங்காகப் படித்துக்கொண்டு வருவான்.”

அவர் பக்கத்துக்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. அந்தச் சாட்சி வேறு யாரும் அல்ல. நான் சிரித்த அதே பையன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு தற்செயலாக அவரைப் பார்த்தேன். ஆம், இப்போது ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தப் பட்டறை; பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, “வாங்க சார்” என்று நாற்காலி போட்டார். தேநீர் வந்தது. நான் தயங்கித் தயங்கிப் பழைய கதையை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க பாருங்க சார், அந்த ரோஷத்திலேதான் தொழிலுக்கு வந்தேன். உங்களுக்கு நான் நன்றிதான் சொல்லோணும்” என்றார்.

வக்கீல் நண்பர் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். எனக்கும் ஒரு கணம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் நான் கிளம்பும் சமயத்தில் அவர் மேஜை அறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மகளைப் பள்ளியில் சேர்க்கிற விண்ணப்பம். “கொஞ்சம் பூர்த்தி பண்ணிக் குடுங்க சார். இங்கிலீஷ்லே இருக்குது.” பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் யார் போவது என்று கேட்டேன். “அவ போவா சார். நான் கேட்டுக்கு வெளியே வண்டியிலே உட்கார்ந்துக்குவேன். உள்ளே போனா ஏதாச்சும் கேப்பாங்க.”

பன்னிரண்டு பேருக்குக் கூலி கொடுக்கிற மனிதர், தம் மகளின் பள்ளி வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

ரோஷத்தால் ஒருவன் முன்னேறுவது உண்டு. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முன்னேற்றம் அவனுடையது, அவன் உழைப்பு, அவன் உடம்பு. அதில் பங்கு கேட்க எனக்கு உரிமை இல்லை. என் பங்கு அந்த வாசல்தான். அவரால் தாண்ட முடியாத அந்த வாசற்படியை நான் கட்டிவைத்தேன்.

வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அங்கே அவர் பேசும் நாணம், தகாத செயலைச் செய்யக் கூசுகிற நாணம். அது உள்ளே ஊறுவது. ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்ததற்காக நாலு பேர் சேர்ந்து வெளியிலிருந்து பூசுகிறோமே, அது வேறு. அது மனிதனை நல்லவனாக்குவதில்லை, ஊமையாக்குகிறது.

*

சிலம்ப வாத்தியார் முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறார் என்று கேட்டபோது, எங்கோ படித்த இன்னொரு வாத்தியாரின் ஞாபகம் வந்தது. அவர் ஜப்பானியர். பெயர் கானோ ஜிகோரோ. ஜூடோ என்ற கலையை உண்டாக்கியவர் என்று உலகம் அவரை அறியும். அவர் ஆங்கிலம் கற்பித்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த இரண்டும் அவரிடத்தில் எப்படிச் சேர்ந்தன என்பது ஒரு நாவலுக்குரிய விஷயம்.

கானோ 1860-இல் பிறந்தவர். மெலிந்த தேகம்; வளர்ந்த பிறகும் 5 அடி 2 அங்குலந்தான். ஜப்பான் தன் கதவுகளைத் திறந்து, மேல்நாட்டுப் படிப்பை அவசரம் அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்த காலம். பதினான்கு வயதை ஒட்டி அவரை டோக்கியோவில், ஐரோப்பிய மொழிகளில் பாடம் நடக்கும் தங்கும் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். படிப்பில் அவர் யாருக்கும் இளைத்தவர் இல்லை. ஆனால் உடம்பில் பெரிய பையன்கள் அவரை வாட்டி எடுத்தார்கள். பலமில்லாதவன் பலசாலியைச் சமாளிக்க ஜுஜுத்ஸு என்று ஒரு பழைய வித்தை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைக் கற்பிக்கிறவரைத் தேடி அலைந்தார். அந்த வித்தை அப்போது மதிப்பிழந்து கிடந்தது. தெரிந்தவர்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வயிறு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே கட்டுப் போடுகிறவர்களைத் தேடிப் போனால் வித்தைக்காரர் அகப்படுவார் என்று கானோ கணக்குப் போட்டார். நம் ஊர்ச் சிலம்ப ஆசான்கள் பலரும் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் கட்டுப் போடத் தெரிந்தவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன். உடைக்கத் தெரிந்தவனுக்குக் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான நியாயம் போலிருக்கிறது.

1877-இல் புகுடா என்ற குரு கிடைத்தார். ஒரு பிடியைக் காட்டி, “இதை எப்படிச் செய்வது?” என்று கானோ விளக்கம் கேட்டால், குரு பதில் சொல்லாமல் அவரைத் தூக்கிப் போடுவாராம். எழுந்து வந்து மறுபடி கேட்டால் மறுபடியும் தூக்கிப் போடுவாராம். உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும் என்பது குருவின் கொள்கை. கானோ பொறுத்துக்கொண்டார். ஆனால் தாம் குருவானபோது அந்த வழியை அப்படியே பின்பற்றவில்லை. தமக்கு நேர்ந்ததைத் தம் மாணவனுக்குச் செய்யாமல் நிறுத்திக்கொண்டார் என்ற அந்த ஓர் இடத்தில்தான் அவர் எனக்குப் பெரியவராகத் தோன்றுகிறார். நான் நிறுத்திக்கொள்ளவில்லையே!

1882-இல் டோக்கியோவில் ஏஷோஜி என்ற புத்த கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில், ஒன்பது மாணாக்கர்களோடு அவர் கோடோகானைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு கூட நிறையவில்லை. பிள்ளைகள் விழுந்த அதிர்ச்சியில் கோயிலில் வைத்திருந்த மூதாதையர் பலகைகள் ஆட்டம் கண்டு சரிந்ததாகவும், குருக்கள் முறையிட்டதாகவும் சொல்வார்கள். அதே ஆண்டில் அவர் இன்னொரு பள்ளியையும் தொடங்கினார். கோபுன்கான் என்று பெயர். அது ஆங்கிலப் பள்ளி. ஒரு கையில் வீழ்த்தும் வித்தை. மறு கையில் அந்நிய பாஷை. இரண்டும் அவரை இளமையில் அலைக்கழித்தவை.

அவருடைய ஜூடோவில் புதிதாக வருகிறவனுக்கு முதல் பாடம் விழுவது. மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். விழும்போதே கையால் பாயை ஓங்கி அறைய வேண்டும். அந்த அறையில் அதிர்ச்சி சிதறிப் போகும். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று நூறு முறை, ஆயிரம் முறை விழுந்து பார்க்க வேண்டும். விழுவது தோல்வி என்ற எண்ணம் போய், அது ஒரு திறமை என்ற எண்ணம் வரும்வரையில் விழ வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வீழ்த்தக் கற்கிறவனுக்கு, விழுந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பழைய ஜப்பானிய வாள் வித்தைப் பயிற்சிகளில் தோற்கிற பாத்திரம் பெரும்பாலும் மூத்தவருடையது. மூத்தவர் தோற்றுத் தோற்று இளையவனுக்கு ஜெயிக்கக் கற்றுக்கொடுக்கிறார். எங்கள் மணல்வெளி வாத்தியார் தப்பு ஆங்கிலம் பேசித் தோற்றுக்கொடுத்தது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தோற்றபோது அவர் சிரித்தாரே, அது போதும்.

கானோ பிற்பாடு பெரிய பள்ளிகளுக்குத் தலைமை ஆசிரியராக இருந்தார். குமமோட்டோ நகரத்தில் அவர் தலைமையின் கீழ் 1891-இல் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் லாஃப்காடியோ ஹெர்ன். பலத்தைப் பலத்தால் எதிர்க்காமல் இணங்கிக் கொடுத்தே வெல்லுகிற அந்த வித்தையைப் பார்த்து வியந்து, ஹெர்ன் ஒரு நீண்ட கட்டுரை எழுதி 1895-இல் நூலாக்கினார். 1893-இல் டோக்கியோ ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கானோ ஆங்கில ஆசிரியராகச் சேர்த்துக்கொண்ட இளைஞர் பிற்காலத்தில் ஜப்பானின் பெரிய நாவலாசிரியரான நட்சுமே சொசெகி. மாணவர்களுக்கு முன்மாதிரியாக நிற்க என்னால் முடியாது என்று சொசெகி ஒளிக்காமல் சொல்லி வேலையை மறுத்தாராம். இப்படி உள்ளதைச் சொல்கிற உங்களைப் போன்றவரைத்தான் எனக்கு வேண்டும் என்று கானோ விடாப்பிடியாக நின்றாராம். தன் குறையை முன்கூட்டி ஒப்புக்கொள்கிறவனிடம் பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்று அந்தச் சிறிய உருவம் கொண்ட பெரிய மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டிலும் ஒருவர் இதை ருசி பார்த்தார். ரவீந்திரநாத் தாகூர் 1905-லேயே ஒரு ஜப்பானிய ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார். 1929-இல் தக்காகாகி என்ற ஜூடோ ஆசிரியர் வந்தார். பாட்டும் ஓவியமும் பயின்ற பெண்கள் அவரிடம் விழவும் எழவும் பயின்றார்கள். பொருளாதார மேதை அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் அந்தப் பெண்களில் ஒருவர்.

*

இவ்வளவையும் எழுதிவிட்டு, ‘ஆகவே பள்ளிதோறும் கம்பும் பாயும் கொடுங்கள், ஆங்கிலம் தானாக வரும்’ என்று முடித்துவிட்டால் வாசகர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அது பொய்யாகவும் இருக்கும்.

ஜப்பானிலேயே அந்தக் கலைகள் போருக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் கருவியாக ஒரு காலத்தில் மாறின. 1945-இல் தோற்ற பிறகு, நாட்டைப் பிடித்திருந்த அமெரிக்கர் பள்ளிகளில் அவற்றைத் தடை செய்தார்கள். ஜூடோ 1950-இல் பள்ளிக்குத் திரும்பியது. 2012-இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலைகளைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். அப்போது பெற்றோர்கள் பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. 1983-இலிருந்து முப்பது ஆண்டுக்குள் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டு இறந்தவர்கள் பலர். அவர்களிலும் பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள். நன்றாக விழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே வேகமாக வீழ்த்தப்பட்டவர்கள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விழுவதை முதல் பாடமாக வைத்த மகானின் பெயரைச் சொல்லிக்கொண்டே, அந்த முதல் பாடத்தை அவசரமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். வித்தையில் தோஷம் இல்லை, வரிசையில் தோஷம். பாயில் நடந்தால் உயிர் போகிறது, வெளியே தெரிகிறது. வகுப்பறையில் நடந்தால் குரல் போகிறது, யாருக்கும் தெரிவதில்லை. வேற்றுமை அவ்வளவுதான்.

மோகனூரில் உட்கார்ந்துகொண்டு விழுவதைப் பற்றி யோசிக்கிறவன், இந்த ஊரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியாது. போலீஸ்காரரின் மகன் அவர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது, தொண்டர்கள் பாடிக்கொண்டு போனது அவருடைய பாட்டு. ஆயுதமில்லாத ஒரு யுத்தத்துக்கு அழைத்த பாட்டு. அந்த யாத்திரையில் போனவர்கள் கற்றுக்கொண்டு போனதும் அடிக்கும் வித்தை அல்ல. அடி வாங்கும் வித்தை. தடி மேலே விழும்போது கையை ஓங்காமல் கீழே விழ வேண்டும். விழுந்தவன் எழுந்தால் மறுபடி நடக்க வேண்டும். காந்தியோடு பழகிய ரிச்சர்ட் கிரெக் என்ற அமெரிக்கர் 1934-இல் எழுதிய நூலில் சத்தியாக்கிரகத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார்: அறநெறி ஜுஜுத்ஸு. அடிக்கிறவன் தன் பலத்தாலேயே நிலை தடுமாறிப் போகிறான். எதிரில் நிற்பவன் திருப்பி அடிக்காததால் அவனுடைய மனச்சாட்சிக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது என்பது அவர் சொன்ன விளக்கம்.

எனக்கு அது புத்தகத்தில் படித்த தத்துவம் மட்டும் அல்ல. ஒரு பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து நான் நிலை தடுமாறினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். தேநீர் கொடுத்து, நன்றி சொல்லி, விண்ணப்பத்தை நீட்டினார். பதினைந்து வருஷத்துக்கு முன்பு நான் அவர் மேல் பூசிய அவமானம் முழுவதும் அந்த விநாடியில் எனக்கே திரும்பி வந்தது. அவருக்கு அப்படிச் செய்கிற எண்ணமே இல்லை என்பதுதான் அதில் வலி.

ஆகவே என் முடிவு இது. கற்பிக்கிறவன் கண்டிக்கலாம், திருத்தலாம், நூறு முறை திருப்பிச் செய்யச் சொல்லலாம். ஆனால் மாணவன் விழுகிற இடத்தில் மணலைப் பரப்பி வைக்காமல் அவனைத் தள்ளுவதற்கு உரிமை கிடையாது. மணல் என்று நான் சொல்வது வேறொன்றும் இல்லை. ‘இங்கே நீ விழுந்தால் கேவலம் இல்லை; நானும் இதே இடத்தில் விழுந்தவன்’ என்ற நிச்சயம். அந்த நிச்சயத்தைச் சொல்லால் கொடுக்க முடியாது. கற்பிக்கிறவன் ஒரு முறையாவது பிள்ளைகள் பார்க்க விழுந்து காட்ட வேண்டும்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தபோது வாத்தியார் என் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். “எவ்வளவு நாள்தான் குந்திக்கிட்டே பார்ப்பீங்க? வாங்க தம்பி” என்றார். நாற்பதைத் தாண்டியவன்; வேட்டி வேறு. இரண்டு சுவடு வைப்பதற்குள் கால் பின்னிக்கொண்டது. மல்லாக்க விழுந்தேன். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் யாரும் யாரையும் விட்டு விலகவில்லை என்பதைப் படுத்துக்கொண்டே கவனித்தேன்.

என் தங்கை மகள் ஓடி வந்து கை கொடுத்தாள். என் கம்பை நிமிர்த்திப் பிடித்துக் காட்டி, “மாமா, டோன்ட் லுக் அட் தி ஸ்டிக். லுக் அட் மை ஐஸ்” என்றாள். அவள் ஆங்கிலத்தில் என்னோடு பேசிய முதல் வாக்கியம் அது. என்ன சாப்பிட்டாள் என்று அவள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. அது முக்கியமாகவும் எனக்குப் படவில்லை.

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். பழம் கிடைக்காத கோபத்தில் கயிலையை விட்டுக் கிளம்பிய பிள்ளை முருகன் இந்த வழியாகப் போனானாம். பின்னாலேயே வந்த தாய், “மகனே!” என்று கூப்பிட்டாளாம். அவன் நின்ற இடம் மகனூர். அதுதான் மோகனூர் ஆயிற்றாம். தோற்றுப்போய், மனம் நொந்து போகிற பிள்ளையைப் பின்னாலிருந்து கூப்பிட யாராவது ஓர் ஆள் வேண்டும். அந்த மாடி வகுப்பிலிருந்து ஒரு பையன் போனபோது நான் கூப்பிடவில்லை. மறுநாள் அவன் வீட்டைத் தேடிப் போயிருக்கலாம். பட்டறை எங்கே என்று எனக்குத் தெரியும். போகவில்லை.

இந்த மாதம் அவர் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று சொன்னார். கூட நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால், முதலில் நான் தப்பாகப் பதில் சொல்லுவதாக ஏற்பாடு.